ஆபீசருக்கு நான் கொடுத்த பயிற்சி

ஆசிரியர் தொழிலில் எனக்கு மூன்று மாத அனுபவம் உண்டு. மாணவர் ஒருவர்தான். நான்கு கால், ஒரு வால், ஒரு காது வெள்ளை, மற்றது பாதி கறுப்பு. பாடமும் ஒன்றுதான்: குப்பையில் வாய் வைக்கக் கூடாது. அப்போது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். என் வகுப்பு மிஸ் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ, அதையேதான் நான் என் மாணவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டுப்பாக்கத்தில், பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு மாடி வீட்டின் மேல் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர் கணவரும். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அம்மா பூந்தமல்லியில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, தைத்தாள். அக்கா பிளஸ் ஒன் படித்தாள். பள்ளிக் கபடி அணியிலும் இருந்தாள். மைதானத்தில் ஆடியது போக மிச்சத்தை என் முதுகில் ஆடிப் பார்ப்பாள்.

எங்கள் தெருக்கோடியில் சாக்கடை போடுவதற்காகப் பெரிய சிமென்ட் குழாய்களை இறக்கி வைத்து, இறக்கியதோடு மறந்துவிட்டிருந்தார்கள். ஒரு மழை நாளில் அதில் ஒரு குழாய்க்குள்ளிருந்துதான் அவரை எடுத்தேன். டிபன் பாக்ஸை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் அவரை வைத்து, புத்தகப் பையை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பை முனகியது.

"இன்னாடா அது?" என்றாள் அம்மா.

"நாய்க்குட்டிம்மா."

"அது தெரிது. பையில இன்னாத்துக்கு கீது?"

"மழை பெய்துல்ல."

"மழையில ஊர்ல எவ்வளோ நனைஞ்சிகினு கீது. எல்லாத்தையும் பையில போட்டுகினு வருவியா?"

அதற்குள் அக்கா குட்டியைத் தன் துப்பட்டாவால் துவட்ட ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். குட்டி அவரிடம் போய், முதலில் செருப்பு, பிறகு பேன்ட் நுனி, பிறகு சாப்பாட்டுப் பை, பிறகு மறுபடி செருப்பு என்று வரிசையாக மோந்து பார்த்து, கடைசியில் ஒரு தும்மல் போட்டது.

"எங்க க்யூசி ஆபீசர் மாரியே கீது. எல்லாத்தையும் பாத்துட்டு, கடைசில ரிஜெக்டுன்னுது," என்றார் அப்பா.

க்யூசி ஆபீசர் என்பவர் அப்பா கடைந்து கொடுக்கிற உருப்படிகளை அளந்து பார்த்து, பாதியைத் தள்ளிவிடுகிறவர். அன்று முதல் குட்டிக்குப் பெயர் ஆபீசர். பெயர் வைத்தது தப்பு. அது பதவியை ஏற்றுக்கொண்டு, மறுநாளே எங்கள் வீட்டுக் குப்பையைச் சோதனையிட ஆரம்பித்துவிட்டது.

எங்கள் தெருவில் குப்பை வண்டி காலை ஒன்பது மணிவாக்கில் வரும். மூன்று சக்கர மிதிவண்டி, பின்னால் பச்சை டிரம், சிவப்பு டிரம். அதை ஓட்டி வருகிறவளைத் தெருவில் எல்லோரும் வண்டி அக்கா என்போம். தெருமுனையிலிருந்தே விசில் ஊதிக்கொண்டு வருவாள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் அம்மா வேலைக்குக் கிளம்பும்போதே குப்பைக் கவரைக் கேட்டுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவாள். அவள் போகும் எட்டு மணிக்கும் வண்டி வரும் ஒன்பது மணிக்கும் நடுவில் ஆபீசர் தன் அலுவலை முடித்துவிடும்.

செய்யாத முயற்சி இல்லை. கவரை உயரமாக மாட்டினோம், குதித்தது. அப்பா கம்பெனியிலிருந்து ஒரு கொக்கி செய்துகொண்டு வந்தார்; கவரின் அடியைக் கடித்து இழுத்தது, கொக்கி மட்டும் மேலே ஆடியது. மூடி போட்ட வாளி வைத்தோம், உருட்டிவிட்டது. கட்டிப் போட்டோம், அது போட்ட ஊளையில் வீட்டுக்கார அம்மாவே வெளியே வந்து, இதுக்குக் குப்பையே தேவலை என்று சொல்லி அவிழ்த்துவிட்டார்.

அந்த வீட்டில் இரண்டே குடும்பம். கீழ் வீட்டில் சுத்த சைவம். அதனால் வாசலில் ஒரு மீன் முள் கிடந்தால் அது யார் வீட்டு முள் என்று விசாரணை வைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறும் வியாழனும் மீன், புதன் முட்டை, நடுவில் அப்பாவுக்கு வாய் ஊறும்போதெல்லாம் கருவாடு. முள்ளைக் குட்டிக்கே போட்டுவிடலாம் என்றால், ஒருமுறை போட்டு அது தொண்டையில் சிக்கி, கண் பிதுங்கி, அக்கா விரலை விட்டு எடுத்தாள். அதிலிருந்து முள்ளெல்லாம் கவருக்குள்தான் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. வீட்டுக்கார அம்மா விடியற்காலையில் தலைக்குக் குளித்து, வாசலை அடைத்துக் கோலம் போட்டு, செம்மண் கரை கட்டி, நடுவில் ஒரு பூசணிப் பூவும் வைத்துவிட்டு உள்ளே பூஜைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது, பூசணிப் பூவுக்குப் பக்கத்தில் ஒரு சங்கரா மீன் தலை வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோலத்தின் நாலு மூலையிலும் செதில். நடுவில் ஆபீசர்.

அன்று சாயங்காலம் அவர் மாடிக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார்.

"எம்பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. கொழந்தை பொறக்க இன்னும் மூணு மாசம் கீது. அதத் தூக்கிகினு இந்த வாசல்ல நொழையற அன்னைக்கி இங்க ஒரு குப்ப கெடக்கக் கூடாது. பச்ச ஒடம்பு, பச்சக் கொழந்த. அதுக்குள்ள இது திருந்தணும். இல்லைன்னா எங்கியாச்சும் கொண்டுபோயி வுட்டுருங்க. உங்களப் போவச் சொல்லலம்மா. அதச் சொல்றேன்."

"செரிம்மா," என்றாள் அம்மா. வேறு என்ன சொல்வாள். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அப்பா மெதுவாக, பூந்தமல்லி மார்க்கெட்டாண்ட விட்டால் கறிக்கடைகள் இருக்கின்றன, அது பிழைத்துக்கொள்ளும் என்று ஆரம்பித்தார். நான் அழ ஆரம்பித்தேன். சாதாரணமாக நான் காரியத்துக்காக அழுகிறவன். சத்தம் வரும், கண்ணீர் வராது. அன்றைக்கு இரண்டும் வந்தது, பிறகு சாப்பிட்டதும் வந்தது. அம்மா என் வாயைத் துடைத்துவிட்டபடி அப்பாவைப் பார்த்தாள்.

"மூணு மாசம் கீதே. பாக்கலாம்," என்றார் அப்பா.

"நான் ட்ரெய்னிங் குடுக்குறேன்," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீயா? ஒனக்கே யாராச்சும் குடுத்தாத் தேவல," என்றாள் அக்கா.

எதிர் அடுக்குமாடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒரு பெரிய மஞ்சள் நாய் வைத்திருந்தார். மனைவியோடு மதுரைத் தமிழிலும், நாயோடு இங்கிலீஷிலும் பேசுவார். நாய் அவர் சொன்னதையெல்லாம் கேட்டது. மனைவி கேட்டதாகத் தெரியவில்லை. இதிலிருந்து நாய்களுக்கு இங்கிலீஷ்தான் புரியும் என்று முடிவு செய்தேன். எனக்குத் தைரியமாக வரும் இங்கிலீஷ் வார்த்தைகள் மூன்றோ நான்கோ இருந்தன. அவற்றில் இந்த வேலைக்குப் பொருத்தமானது 'நோ'.

முறை இதுதான். ஆபீசர் கவரிடம் போகும். நான் விரலை நீட்டி, "நோ" என்பேன். அது கேட்காது. உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காட்டுவேன். அது கவரை விட்டுவிட்டு என்னிடம் வரும். பிஸ்கட்டைக் கொடுத்துத் தலையைத் தடவி, "குட் பாய்" என்பேன். ஒரு வாரத்தில் பிரமாதமான முன்னேற்றம். கூப்பிடுவதற்கு முன்பே வந்தது. இன்னும் இரண்டு நாளில், பசித்தால் நேராகக் குப்பைக் கவருக்குப் போய், அதன்மேல் ஒரு காலை வைத்துவிட்டு, தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக் காத்திருந்தது.

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து இதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டேய், நீ அதுக்கு சொல்லித்தரல. அது ஒனக்கு சொல்லித்தருது. கவர்ல கால வெச்சா பிஸ்கட் எடுக்கணும்னு ஒன்ன நல்லாப் பழக்கி வெச்சிருக்குது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் அம்மா கிளம்பியதும், அஞ்சறைப் பெட்டியிலிருந்து மிளகாய்த்தூளை ஒரு கை அள்ளிக் கவருக்குள் போட்டுக் குலுக்கினேன். ஆபீசர் ஒருமுறை மோந்து, ஆறு முறை தும்மி, போய்ப் படுத்துக்கொண்டது. வெற்றி என்று நினைத்துப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

வண்டி அக்கா கவரைப் பிரித்து மக்கும் குப்பையையும் மக்காததையும் கையாலேயே பிரித்துப் போடுகிறவள். அது என் திட்டத்தில் இல்லை.

அடுத்த நாள் காலை அவள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தாள். அம்மா இன்னும் கிளம்பவில்லை. அவள் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"யார்ரா அவன், குப்பையில மொளகாத்தூள் போட்டவன்? குப்பைய மிசினா பிரிக்குது? ஏங்கைடா பிரிக்குது. அந்தக் கையில கண்ணத் தொடச்சேன். நேத்து பூரா சைக்கிள் ஓட்ட முடில."

நான் மாடிப்படியில் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாள், மோர் கலந்து கொடுத்தாள், தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து அவள் கையில் தேய்த்துவிட்டாள். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் கேட்டருகே நின்று வெகுநேரம் பேசினார்கள். வண்டி அக்கா கவரைக் காட்டினாள், ஆபீசரின் மூக்கைக் காட்டினாள், தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தண்டனை என்றுதான் முடிவு செய்கிறார்கள் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு டிராயர் போட்டுக்கொண்டேன்.

அடி விழவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா திருவேற்காட்டுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். நாங்கள் மீன் குழம்பை எதிர்பார்த்துத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

"அம்மனுக்கு வேண்டிகினு கீறேன். ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு இந்த ஊட்ல கவிச்சி கெடையாது. முட்ட கூட."

நான் அப்பாவைப் பார்த்தேன். கருவாடு இல்லாத வாரத்தை வாரமாகவே கணக்கில் சேர்க்காத மனிதர். பெரிய சண்டை வரும், நாம் அப்பா கட்சியில் சேர்ந்துகொள்ளலாம் என்று தயாரானேன். அப்பா சாம்பாரைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார். அப்புறம், "செரி" என்று சொல்லிப் பிசைய ஆரம்பித்துவிட்டார். கபடி மாஸ்டர் அக்காவைத் தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார். அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா வேண்டுதல்?" என்றேன்.

"வெளில சொன்னா பலிக்காது. சாப்புடு."

சொல்லாவிட்டால் நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் வேலை நிரந்தரம் ஆகாமல் பல வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது, அதற்காக இருக்கலாம். அல்லது அக்காவின் கணக்குப் பாடத்துக்காக. யோசித்துப் பார்த்ததில், தெய்வ சகாயம் அதிகம் தேவைப்படுவது கணக்குப் பாடத்துக்குத்தான் என்று பட்டது. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் கேட்டேன்.

"ஒனக்கு மார்க் வரணும்னு நான் இன்னாத்துக்கு கோஸ் தின்னணும்?"

அக்கா கையை ஓங்கினாள். அம்மாவைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டாள். "ஒழுங்கா துன்னு," என்றாள். என் வாழ்நாளில் ஓங்கிய கை அடிக்காமல் இறங்கியது அதுதான் முதல் தடவை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் அதையும் அம்மனின் மகிமை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு அநியாயமும் நடந்தது. ஆபீசருக்கு மட்டும் விரதம் கிடையாது. அம்மா தினமும் கோழிக்கடையிலிருந்து கால்களை வாங்கி வந்து, நகம் நறுக்கி, மஞ்சள் போட்டு, மொட்டை மாடியில் ஒரு பழைய பாத்திரத்தில் குழையக் குழைய வேகவைத்து, காலை ஏழரைக்கே அதன் வயிறு புடைக்கக் கொடுத்துவிடுவாள். எலும்பு ஒன்று மிஞ்சாது. அந்த வாசனை மாடிப்படி வழியாக இறங்கி, நேராக என் உப்புமாவுக்கு வந்து சேரும்.

"நாய்க்கு கோழி, எனக்கு உப்புமாவா?"

"அது அம்மனுக்கு வேண்டிக்கிலியே," என்றாள் அம்மா.

"நான் மட்டும் வேண்டிகினேனா?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் என் பயிற்சியை விடவில்லை. காலையில் கவர் மாட்டியதும், பள்ளிக்கூடம் கிளம்பும் வரை அதன் பக்கத்தில் நிற்பேன். ஆபீசர் வரும். நான் விரலை நீட்டி, "நோ" என்பேன். அது கவரை மோந்து பார்க்கும், வெண்டைக்காய்க் காம்பும் வாழைக்காய்த் தோலும் அதற்கு ஒரு சேதியும் சொல்லாது, போய்விடும். முதலில் பத்து தடவை வந்தது, அப்புறம் ஐந்து, அப்புறம் ஒன்று. யாரும் எட்டிப் பிடிக்க முடியாத பெருமையில் இருந்தேன். பக்கத்துத் தெருப் பையன்களை அழைத்து வந்து காட்டினேன். மஞ்சள் நாய்க்காரரிடமே போய், ஏதாவது சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னேன்.

ஒரு விடுமுறை நாளில் வண்டி அக்கா எங்கள் கவரைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா நைனா, ஒங்கூட்டு குப்பையில ஒரு முட்ட ஓடு கூட வர்லியே. எல்லாரும் சாமியாராப் பூட்டீங்களா?"

"நாய்க்கு ட்ரெய்னிங் குடுத்துட்டேன்க்கா. இப்பல்லாம் தொடறதே இல்ல."

"ஆமா ஆமா. நீதானே குடுத்த," என்று சொல்லி, அவள் வண்டியைத் தள்ளும் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூளை மன்னித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

இருபதாம் நாளோ இருபத்தொன்றோ, அப்பாவோடு சாயங்காலம் பெரிய சாலைக்குப் போயிருந்தேன். சந்திப்பில் மீன் வறுக்கும் வண்டி. கல்லில் துண்டங்களைத் திருப்பிப் போட்டபோது அப்பா நின்றார். செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது என்று குனிந்தார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. அதில் எதைக் கட்டினார் என்று தெரியவில்லை, ஆனால் கட்ட ரொம்ப நேரம் ஆனது.

"வாங்கித் துன்னுப்பா. அம்மாவுக்குத் தெரியாது," என்றேன்.

"வாணாம் நைனா. எனக்கு இப்பல்லாம் அது ஒத்துக்கல." எழுந்து வேகமாக நடந்தார்.

அவருக்கு இருந்த உறுதி எனக்கு இல்லை. இருபத்தெட்டாம் நாள், ஒரு சனிக்கிழமை. எனக்கு லீவு, அம்மாவுக்கு வேலை. அம்மா கோழிக்கால் பாத்திரத்தை இறக்கி ஆறவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மொட்டை மாடியில் நானும் பாத்திரமும் ஆபீசரும். நான் ஆபீசரிடம், "நோ" என்றேன். பிறகு இரண்டு கால்களை எடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டேன். உப்பு இல்லை, காரம் இல்லை. அவ்வளவு ருசியான ஒன்றை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை. ஆபீசர் எதிரில் உட்கார்ந்து, ஒரு மேலதிகாரியின் ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆபீசரைப் போல எலும்போடு விழுங்க எனக்குத் தெரியாது. செய்தித்தாளில் சுற்றி, கோஸ் இலைகளுக்கு அடியில், குப்பைக் கவரின் ஆழத்தில் புதைத்தேன். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

நான் வழக்கம்போலக் கவருக்குக் காவல் நின்றேன். ஆபீசர் வந்தது. விரலை நீட்டினேன். அது மோந்து பார்த்தது. போகவில்லை. மறுபடி மோந்தது. வால் நேராக நின்றது. நான் 'நோ' சொல்லி முடிப்பதற்குள் கவர் இரண்டாகக் கிழிந்து, கோஸ் இலை, காப்பித் தூள், வெங்காயத் தோல் எல்லாம் கோலத்தின்மேல் கொட்டியது. உள்ளே வீட்டுக்கார அம்மாவின் பூஜை மணி அடித்துக்கொண்டிருந்தது. மணி நின்றால் அவர் வெளியே வருவார். வந்தால் ஆபீசர் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போகும். நான் இரண்டு கையாலும் அள்ளினேன். அள்ளினது விரலிடுக்கில் கொட்டியது. கண்ணீர் வேறு மறைத்தது.

விசில் சத்தம் கேட்டது. வண்டி அக்கா இறங்கி வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து ஒரு சின்ன எலும்பை இரண்டு விரலால் எடுத்தாள்.

"ஒரு மாசமா வராத எலும்பு இன்னைக்கி எப்டிடா வந்துச்சி?"

"தெர்லக்கா."

"வாயோரம் மஞ்ச ஒட்டிகினு கீது. தொட."

துடைத்தேன். அவள் துடைப்பத்தை எடுத்து நாலே வீச்சில் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொட்டி வாசலைக் கழுவினாள். மணி நின்றது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார்.

"இன்னா ஈரமா கீது? கோலம் எங்க?"

"என் வண்டி சாஞ்சிடிச்சிம்மா. ஏம்மேல்தான் தப்பு," என்றாள் வண்டி அக்கா.

அவர் அவளைத் திட்டினார். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் ஆபீசரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்றேன்.

சாயங்காலம் அம்மா வந்தபோது, வழியில் வண்டி அக்கா சொல்லி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் அடிக்கு முன்பே அழுது, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அம்மன் என் கண்ணைக் குத்திவிடுமா என்று கேட்டேன். அம்மா கண்ணை ஒன்றும் குத்தாது என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"அதுக்கு நெனப்பு வந்துடிச்சிய்யா," என்றாள்.

எதற்கு என்ன நினைப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"மொதல்லேர்ந்தா?"

"மொதல்லேர்ந்து."

"செரி," என்றார் அப்பா. "மொதல்லேர்ந்து."

அக்கா மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். இன்னும் இருபதே நாளில் முடிய இருந்த விரதம் மறுபடி நாற்பத்தெட்டு ஆனது. சாமிக்கு இப்படியா பயப்படுவார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த ஞாயிறு திருவேற்காட்டில் அம்மன் முன்னால் நாற்பத்தெட்டு தோப்புக்கரணம் போட்டேன். அக்காதான் எண்ணினாள்; என் கால் நடுங்குவதைப் பார்த்து முப்பதிலிருந்து நாற்பதுக்குத் தாவினாள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவிடமோ அக்காவிடமோ கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்.

இரண்டாவது மண்டலத்தில் ஆபீசர் வளர்ந்துவிட்டது. குரல் மாறியது. கவரைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்புவதையும் விட்டுவிட்டது. அக்காவின் அணி மாவட்டப் போட்டியில் தோற்றது. அவள், பிடிக்க வலு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கணக்குக்காக வேண்டிக்கொண்டால் கபடிக்கு எப்படிப் பலம் வரும் என்று நான் அவளுக்கு விளக்கினேன்.

குழந்தை சில நாள் முன்னதாகவே பிறந்துவிட்டது. வீட்டுக்கு வந்த நாளில் எங்கள் மண்டலத்துக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஆரத்தி சுற்ற ஆள் வேண்டும் என்று அம்மா அரை நாள் லீவு போட்டிருந்தாள். அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட். எனக்கும் அக்காவுக்கும் லீவு. கார் வந்து நின்றது. வீட்டுக்கார அம்மாவின் பெண், துணிப் பொதிக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு இறங்கினாள். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அப்போதுதான் பார்த்தேன்: அன்று வண்டி இன்னும் வரவில்லை. கேட்டுக் கம்பியில் எங்கள் கவர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆபீசர் மாடிப்படியில் இறங்கி வந்தது.

நான் விரலை நீட்டினேன். 'நோ' வெளியே வரவில்லை. அம்மாவின் தட்டு அப்படியே நின்றது. அப்பா கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆபீசர் கவருக்கு நேராக வந்தது, நின்றது, மூக்கை ஒருமுறை தூக்கியது, தாண்டிப் போனது. கார்ச் சக்கரத்தை மோந்தது. எல்லோருடைய செருப்பையும் வரிசையாக மோந்தது. துணிப் பொதியை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு தும்மல் போட்டு, படிக்கட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பரவால்லியே," என்றார் வீட்டுக்கார அம்மா. "இருந்துட்டுப் போவட்டும். யாரு திருத்துனது?"

"நான்தான்," என்றேன்.

"ஆமாம்மா, அவன்தான்," என்றாள் அம்மா. அப்பாவும் தலையை ஆட்டினார். வீட்டுக்கார அம்மா என் உள்ளங்கை நிறையச் சர்க்கரை கொட்டினார்.

மத்தியானம் ரசமும் அப்பளமும். நான் சர்க்கரை ஒட்டிய வாயோடு, இந்த வீட்டில் கட்டுப்பாடு என்றால் என்னவென்று தெரிந்தது எனக்கும் ஆபீசருக்கும் மட்டும்தான் என்றேன். "ஆமா நைனா," என்றார் அப்பா. பிறகு அம்மாவைப் பார்த்து, பள்ளிக்கூடப் பையன் பெர்மிஷன் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப... நாளைக்கி மீனு?"

"வாங்கிகினு வா. சங்கராவா பாத்து வாங்கு. பிள்ளைக்கி ரெண்டு முட்டையும்," என்றாள் அம்மா, அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே.

நான் கையை உதறினேன். "இன்னும் ரெண்டு நாளு கீது. தோப்புக்கரணம் போட்டவன் நானு. மறுபடி நாப்பத்தெட்டுன்னா என்னால ஆவாது."

"வேண்டிகினது நடந்துடிச்சி கண்ணு. அம்மன் ஒண்ணும் சொல்லாது."

என்ன நடந்தது என்று யோசித்தேன். அப்பாவின் வேலை நிரந்தரமாகவில்லை. அக்காவின் கணக்குத் தேர்வு இன்னும் வரவே இல்லை. அன்றைக்கு எங்கள் வாசலில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்ததும் எனக்கு எல்லாம் வெளிச்சமானது.

"கீழ் ஊட்டு அக்காவுக்கு நல்லபடியா கொழந்த பொறக்கணும்னுதானே வேண்டிகின?"

அக்காவுக்குப் புரை ஏறியது. அப்பா எழுந்து அவள் தலையில் தட்டினார்; அவருக்கும் தோள் குலுங்கியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டா," என்றாள்.

யாரோ ஒரு வீட்டுக் குழந்தைக்காக எழுபது நாளுக்குமேல் கோஸ் தின்றிருக்கிறேன். இந்தத் தியாகத்துக்கு ஏதாவது கூலி வேண்டாமா. அப்பா பங்கு அப்பளத்தையும் எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.